காலி டின்

எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சுவரில் ஒரு காலி டின் தொங்குகிறது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே தகர டின்னாக இருந்தது. துருவேறி ஓட்டை விழும்போதெல்லாம் வேறொன்றை வாங்கி மாட்டினேன். தகர டின்கள் அருகிப்போன பிறகு ஒரு பிளாஸ்டிக் கேன் அந்த ஆணிக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் டின்தான். வாயை மூடியால் இறுக மூடி, கைப்பிடியில் நீளமான கயிறு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன்.

இந்த டின்னை முன்னிட்டு எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஒரு சிறு யுத்தம் மூளும். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது ஒன்று. பழைய சாமான்காரன் தெருவில் குரல் கொடுக்கும்போது இன்னொன்று.

"ஏங்க, இது எதுக்குங்க இங்கே தொங்குது? தண்ணி பிடிக்கவும் கூடாதுங்கறீங்க, எண்ணெய் வாங்கவும் கூடாதுங்கறீங்க. எடைக்குப் போட்டுடட்டுமா?" என்பாள் என் மனைவி.

"இருக்கட்டும்" என்பேன் நான்.

நாவல்களில் பக்கம் பக்கமாகப் பேசும் பாத்திரங்களைப் படைக்கிறவனுக்குச் சொந்த வீட்டில் இந்த ஒரு வார்த்தைக்கு மேல் வாய் வருவதில்லை. நாற்பது வருஷமாக இதே பதில்தான். அதற்கு மேல் சொல்ல வேண்டிய கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. போன கோடை விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பத்து வயதுப் பையன் ஒருவன் அதை என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பையன் அவன். கதை எழுதுகிறவருக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்கு யாரோ தவறாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்று வந்ததும் வராததுமாக, "தாத்தா, சின்னக் கல்லு தண்ணியிலே முழுகிடுது, அவ்வளவு பெரிய கப்பல் எப்படி மிதக்குது?" என்று கேட்டான்.

"கல் கனமான வஸ்து. அதனால் முழுகுகிறது" என்றேன்.

"கப்பல் கனம் இல்லையா?"

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பதில் தெரியாதபோது கண்ணாடியைத் துடைப்பது என் வழக்கம் என்பதை அந்தப் பயல் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தான். சிரித்துவிட்டான்.

நல்ல வேளையாக, சமையலறையில் வடைக்கு உளுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி அறிவியல் படித்தவள் அல்ல. ஆனால் நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. "இங்கே வாடா கண்ணு" என்று பையனைக் கூப்பிட்டாள். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் நாலைந்து உளுத்தம் பருப்பைப் போட்டாள். அவை நேரே அடியில் போய் உட்கார்ந்தன. பிறகு கிரைண்டரிலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து அதே தண்ணீரில் போட்டாள். வெள்ளை வெளேரென்று அது மேலே வந்து மிதந்தது.

"மாவு மிதந்தா வடை மெத்துனு வரும். முழுகினா இன்னும் அரைக்கணும்" என்றாள்.

அதே உளுந்து, அதே தண்ணீர். முழுப் பருப்பு முழுகுகிறது, மாவு மிதக்கிறது. நடுவில் என்ன சேர்ந்தது? காற்று. அரைக்க அரைக்க மாவுக்குள் காற்றுப் போய்ப் பொங்குகிறது. கனம் அதேதான், ஆனால் இருக்கும் இடம் பெரிதாகிவிட்டது. நம் பாட்டிமார் இந்தப் பரீட்சையைத் தினந்தோறும் நடத்தி, தேறிய மாவை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெயர் வைத்தவர் ஆர்க்கிமிடீஸ். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் சிசிலித் தீவில் இருந்த கிரேக்கர். குளிக்கும் தொட்டியிலிருந்து துள்ளி எழுந்து, இடுப்பில் துணியில்லாமல் வீதியில் ஓடினார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை அவர் எழுதிய நூல்களில் இல்லை. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் சொல்லி வைத்தது. அது எப்படியானாலும் அவர் கண்டு சொன்ன விதி மட்டும் இன்று வரை அசையவில்லை. ஒரு பொருள் தண்ணீருக்குள் போகும்போது தான் இருக்க இடம் வேண்டும் என்று கொஞ்சம் தண்ணீரை விலக்குகிறது. விலகிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு பலத்தோடு தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்க முடிந்த பொருள் மிதக்கும். முடியாதது முழுகும். அவ்வளவுதான்.

இதைப் பையனிடம் சொன்னேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறவன் மாதிரி தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படியே ஆட்டியவன். ஆகவே ஒரு வாளி நிறையத் தண்ணீரைக் கொண்டு வந்து முற்றத்தில் வைத்தேன்.

எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பக்கவாட்டில் போட்டோம். குடுகுடுவென்று நீரை வாங்கிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தது. எடுத்து நிமிர்த்தி மெல்ல வைத்தோம். சற்றே ஆடிவிட்டு மிதந்தது. நூறு கிராம் எடையுள்ள டம்ளர் நூறு கிராம் தண்ணீரை விலக்கும் அளவுக்கு இறங்கி, 'இது போதும்' என்று நின்றுவிட்டது. "இப்போது கல்லைப் போடு" என்றேன். வாசலிலிருந்து ஜல்லிகளைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றாக டம்ளருக்குள் போட்டான். ஒவ்வொரு கல்லுக்கும் டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது, ஆனால் முழுகவில்லை. விளிம்பு நீர்மட்டத்தைத் தொடும் வரை கல்லைச் சுமந்துகொண்டு மிதந்தது. கடைசியாக ஒரு சிறு கல். அவ்வளவுதான், கதை முடிந்தது.

"கல்லு மிதந்துச்சு தாத்தா!" என்று கத்தினான் பையன்.

கல்லைப் பற்றிப் பேசுவதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்தைப் போல் பொருத்தமான இடம் கிடையாது. திருமுடிவாக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: குன்றத்தூருக்குப் பக்கத்து ஊர். தொழிற்பேட்டையில் பகல் முழுதும் லேத்துகள் இரும்பைச் சீவிக்கொண்டிருக்கும். இரும்பைச் சீவாத திசையில் கல்லை உடைத்த தழும்புகள் இருக்கும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் உலகப் பிரசித்தம். கல்கத்தாவில் 1690-களில் இறந்துபோன ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் சமாதி இந்தப் பக்கத்துக் கல்லால் ஆனது. 1893-இல் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் இந்தக் கல்லுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டிவந்தபோது அந்தச் சமாதியை நினைத்து 'சார்னகைட்' என்று சூட்டினார். இங்கே பிறந்த கல்லுக்கு அங்கே புதைந்த மனிதரின் பெயர்!

நான் நினைத்துப் பார்ப்பது வேறு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதே அளவு இடத்தை அடைக்கும் எங்கள் ஊர்க் கல்லின் எடை சுமார் 2 கிலோ 700 கிராம். தனியாகக் கடலில் போட்டால் அது போகும் திசை ஒன்றுதான். ஆனால் அந்தக் காலத்தில் கல்கத்தாவுக்குக் கல் கப்பலேறித்தான் போயிருக்க வேண்டும். தன் இயல்பில் முழுக வேண்டிய கல், கப்பலின் வயிற்றில் இருந்த வெற்றிடத்தின் தயவால் வங்காளம் வரை மிதந்து போயிருக்கிறது.

கல்லுக்குள்ளேயே வெற்றிடத்தை வைத்துவிட்டால் கப்பல்கூட வேண்டாம். தெலங்கானாவில் பாலம்பேட்டை என்ற ஊரில் இராமப்பா கோயில் இருக்கிறது. கல்வெட்டு 1213-ஆம் ஆண்டைச் சொல்கிறது. 2021-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதன் விமானத்தைக் கட்டிய செங்கற்கள் தண்ணீரில் மிதக்கும். உள்ளே அத்தனை துளைகள், அத்தனை காற்று. உளுந்து மாவின் ரகசியம்தான்.

மரமாயிருந்தால் மிதக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். கருங்காலி முழுகும். செம்மரமும் முழுகும். இரும்பாயிருந்தால் முழுகும் என்பதும் சரியல்ல. பாதரசத்தில் போட்டால் இரும்புக் குண்டு தக்கையைப் போல் மிதக்கும். மிதப்பதெல்லாம் உயர்ந்தது என்ற எண்ணமும் வேண்டாம். விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க உழவர்கள் ஒரு முட்டை மிதக்கும் அளவுக்குத் தண்ணீரில் உப்பைக் கரைப்பார்கள். அதில் நெல்லைக் கொட்டுவார்கள். பதர் மேலே மிதக்கும்; மணி பிடித்த விதை அடியில் தங்கும். மிதந்ததை அரித்து எறிந்துவிட்டு, முழுகியதைக் கழுவி விதைப்பார்கள். எது மிதக்கும், எது முழுகும் என்பது அந்தப் பொருளை மட்டும் பொறுத்ததல்ல. அது எந்த நீரில், எந்த உருவத்தில், எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்பதையும் பொறுத்தது.

இவ்வளவையும் வாளியும் டம்ளருமாக விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி குறுக்கிட்டாள். "அப்பர் சுவாமியைக் கல்லோடு கட்டிக் கடல்லே போட்டாங்களே, அந்தக் கல்லு மிதக்கலையா?"

அவள் கேட்டது நியாயம்தான். அந்தக் கதையைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் எங்கள் அண்டை ஊர்க்காரர், குன்றத்தூரில் பிறந்தவர். கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்த்தது என்பது புராணம். "அது அருள். அருளுக்கு ஆர்க்கிமிடீஸ் குறுக்கே நிற்க மாட்டார்" என்றேன். "ஆனால் சாமிக்குத் தெப்போத்ஸவம் நடத்துகிறபோது நாம் அருளை நம்பிக் கல்லின் மேல் ஏற்றுவதில்லையே! அடியில் காலிப் பீப்பாய்களை அல்லவா வரிசையாகக் கட்டுகிறோம்?"

"பீப்பாயா? வெள்ளத்தப்போ கட்டினாங்களே, அது மாதிரியா?" என்றான் பையன். அவன் கைக்குழந்தையாகக்கூட இல்லாத காலத்து வெள்ளம் அது. ஆனால் எங்கள் தெருவில் பிறக்கும் குழந்தைகள் அதைக் கேட்டே வளர்கின்றன.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் கலக்கும் வழியில் எங்கள் ஊர் இருக்கிறது. ஏரி திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கையில் படிக்கும் ஊர்ப் பெயர்கள் எங்களுக்கு ஸஹஸ்ரநாமம் போலப் பாடம்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை. அன்று வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்தார்கள். தொழிற்பேட்டைக்குள் தண்ணீர்; வீதியில் தண்ணீர்; எங்கள் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர்.

மாடிப்படியில் உட்கார்ந்து நான் என் வீட்டுச் சாமான்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஆறடி ஃபிரிட்ஜ், இரண்டு பேர் தூக்க முடியாமல் தூக்கி வைத்தது, சாய்ந்து படுத்துக்கொண்டு சுகமாக மிதந்தது. அதன் சுவருக்குள் இருப்பதெல்லாம் காற்றடைத்த நுரைதானே! சமையலறையிலிருந்து நிறைந்த காஸ் சிலிண்டர் மிதந்து வந்தது. நான் பதறிப்போனேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இரும்பும் எரிவாயுவும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ, ஆனால் அதன் உள்ளே மட்டும் 33 லிட்டர் இடம். மிதக்காமல் என்ன செய்யும்? அம்மி மட்டும் மூலையை விட்டு நகரவில்லை. இலக்கணத்தில் மொழிமாற்றுக்கு உதாரணமாக ஒரு பழம்பாட்டைக் காட்டுவார்கள். அதைச் சொற்கள் கிடக்கிறபடி படித்தால் சுரைக்காய் ஆழ்ந்து அம்மி மிதக்கும். சொற்களை இடம் மாற்றிக்கொண்டால்தான் உலகம் நேராகும். அன்று என் வீட்டில் சொற்கள் சரியாகத்தான் இருந்தன. என் புத்தகங்கள்தாம் முறை தவறின. முதலில் படகுகளைப் போல் மிதந்தன. பிறகு நீரைக் குடித்துக் குடித்து ஒவ்வொன்றாக அடங்கின.

மறுநாள் காலையில் தெருவில் ஒரு காட்சி. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞர்கள் நாலு பேர், நீலநிறக் காலி டிரம்களின் வாயை மூடி, அவற்றின் மேல் ஒரு கதவைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதில் இந்தப் பையனின் கொள்ளுப்பாட்டி அமர்ந்து வந்தாள். பயமில்லாமல், ஏதோ உற்சவ மூர்த்தியைப் போல. அந்த இளைஞர்களுக்கு யாரும் சூத்திரம் சொல்லித் தரவில்லை. தண்ணீரைப் பார்த்தார்கள், காலி டிரம்மைப் பார்த்தார்கள், இரண்டையும் சேர்த்து நினைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. கண் என்னவோ தானாகக் கிணற்றடிச் சுவரின் பக்கம் போயிற்று.

"அப்போ மனுஷன் மிதப்பானா, முழுகுவானா தாத்தா?" என்று கேட்டான் பையன்.

சாதாரணமாகக் கேட்டது போல்தான் இருந்தது. ஆனால் கேட்கும்போது அவன் என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தான். "ஏன் கேட்கிறாய்?" என்றேன். சிறிது நேரம் விரலால் தண்ணீரை அளைந்தான். பிறகு மெல்ல வெளியே வந்தது. சிநேகிதர்கள் மூன்று பேர், சைக்கிளில், மறுநாள் கல்குவாரிக் குட்டைக்குப் போவதாக ஏற்பாடு. இவனுக்கு நீந்தத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். ஆகவே விஞ்ஞானத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாம் என்று வந்திருக்கிறான்!

கல் எடுத்து முடிந்த குவாரிகளில் மழை நீரும் ஊற்று நீரும் நிரம்பி விடுகிறது. பார்ப்பதற்கு ஆகாயத்தைக் கரைத்து ஊற்றியது போல் அழகாக இருக்கும். 2017-இல் சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது எங்களுக்கு அடுத்த சிக்கராயபுரத்துக் குவாரிக் குட்டைகளிலிருந்துதான் நகரத்துக்குத் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். நகரத்தின் தாகம் தீர்த்த நீர். ஆனால் பிள்ளைகள் இறங்குவதற்கான நீர் அல்ல. ஏரிக்குச் சரிவு உண்டு. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று எச்சரித்துக்கொண்டே ஆழமாகும். குவாரிக்கு அந்த மரியாதை தெரியாது. சுவரைப் போல் வெட்டிய கல். ஒரு காலடி பாறையில், அடுத்த காலடி பல ஆள் ஆழத்தில். கோடை விடுமுறை வந்தால் இந்தப் புறநகர்ப் பக்கத்துச் செய்திகளில் யாராவது ஒரு பிள்ளையின் பெயர் வராமல் இருப்பதில்லை.

'போகாதே' என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் சொல்லும் 'போகாதே'க்குப் பிள்ளைகளிடம் எவ்வளவு மதிப்பு என்பதை நான் அறிவேன். ஆகவே வாளியை ஒதுக்கி வைத்துவிட்டு, அறுபது வருஷமாகச் சொல்லாத கதையைச் சொன்னேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1960-களின் தொடக்கம். அம்மா மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொல்லி ஒரு டின்னைக் கொடுத்து அனுப்பினாள். சுமார் ஒன்பது லிட்டர் பிடிக்கும். திருகு மூடி போட்டது. வழியில் என் வகுப்புத் தோழன் சேர்ந்துகொண்டான். குட்டையில் முகம் கழுவிவிட்டுப் போகலாம் என்றான். குனிந்தவன் பாசியில் வழுக்கிவிட்டான்.

தண்ணீரில் விழுந்தவர்கள் 'ஐயோ, காப்பாற்றுங்கள்' என்று அலறுவதாக நாங்கள் கதை எழுதுகிறவர்கள் எழுதுகிறோம். நான் மட்டும் அப்படி எழுதியதே இல்லை. அவன் ஒரு சத்தமும் போடவில்லை. மூச்சு விடவே நேரம் போதாதவனுக்குக் கத்த ஏது நேரம்? இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். எதையோ பற்றிக்கொள்ள முயல்கிறவன் போலத் தூக்கினான். தூக்கத் தூக்கத் தலை தாழ்ந்தது. கரையிலிருந்து பத்தடி தூரம்கூட இல்லை.

நான் டின்னைக் கீழே போட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட ஓடினேன். கல் உடைக்கிறவர்கள் வந்து, குதித்து, தேடி எடுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. நான் போட்ட டின் பாறையில் உருண்டு தண்ணீரில் விழுந்திருக்கிறது. குட்டையின் நடுவில், காற்றுக்கு இப்படியும் அப்படியும் ஆடியபடி மிதந்துகொண்டிருந்தது. பொழுது சாயும் வரை மிதந்தது.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அம்மா மண்ணெண்ணெய் டின் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸ் விதி நடத்தியிருந்தார்கள். உபாத்தியாயர் கேட்டபோது எழுந்து நின்று ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவன் நான். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான்.

பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டின் அவரைத் தாங்கியிருக்குமா தாத்தா?" என்றான்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை வருஷமாக மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவனுக்கும் போட்டுக் காட்டினேன். மனித உடம்பு ஏறத்தாழத் தண்ணீரின் கனம்தான். ஆழ மூச்சை இழுத்து நிறுத்தினால் பெரும்பாலோர் மிதப்பார்கள். ஆனால் மயிரிழையில் மிதப்பார்கள். முப்பது கிலோ எடையுள்ள சிறுவனுக்குத் தண்ணீர் தரும் உபரித் தாங்கல் ஒரு கிலோ அளவுக்கு மேல் தேறாது. அந்தத் தாங்கலில் முகம் மட்டும் வெளியே இருக்கலாம். இரண்டு கைகளின் எடை மூன்று கிலோ. அவற்றைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிட்டால் அந்த மூன்று கிலோவைத் தண்ணீர் சுமக்காது. தலைதான் ஈடு கொடுக்க வேண்டும். கைகளை உள்ளேயே வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கட்டிலில் மல்லாந்து படுப்பது போல் படுத்திருந்தால் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். பயந்தவனுக்கு அது தோன்றாது. அவனுக்கு உதவிதான் வேண்டும். தலையை வெளியே வைத்திருக்க நாலைந்து கிலோ தாங்கல் கிடைத்தால் போதும். ஒன்பது லிட்டர்க் காலி டின், மூடி போட்டது, எட்டுக் கிலோவைத் தாங்கும்.

"தாங்கியிருக்கும்" என்றேன். "தூக்கி எறிந்திருந்தால் போதும். பத்தடி."

நான் அழவில்லை. அழும் வயது போய்விட்டது. ஆனால் அப்போதுதான் சமையலறையில் கிரைண்டர் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன்.

பையனிடம் மூன்று விஷயங்கள் சொன்னேன். வாசகர்களுக்கும் அவற்றையே சொல்கிறேன். முதலாவது, மிதக்கும் சாஸ்திரம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் குவாரியில் இறங்காதே. சாஸ்திரம் பாறையின் பாசியைப் போக்காது. இரண்டாவது, எப்போதாவது தவறி விழுந்துவிட்டால் கையைத் தூக்காதே. மூச்சை நிரப்பிக்கொண்டு மல்லாந்து கிட. மூன்றாவது, வேறொருவன் விழுந்தால் நீந்தத் தெரியாமல் பின்னால் குதிக்காதே; இரண்டு பேராய்ப் போவீர்கள். கத்தி ஆளைக் கூப்பிடு. கூப்பிட்டுக்கொண்டே கையில் கிடைத்த காலிப் பாத்திரத்தை வாயை மூடி எறி. கேன், டின், குடம், பந்து, எதுவானாலும் சரி. கயிறோ வேட்டியோ இருந்தால் ஒரு முனையை நீ பிடித்துக்கொள்.

அன்று மாலையே அவன் தகப்பனாரிடம் பேசினேன். குவாரிப் பயணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று மட்டும் சொன்னேன். இப்போது அவனும் அந்த மூன்று சிநேகிதர்களும் நீச்சல் சொல்லித் தரும் இடத்துக்குப் போய் வருகிறார்கள். முதல் நாள் போய்விட்டு வந்து, வாசலில் நின்றபடியே, "தாத்தா, கையைத் தூக்கலே! மிதந்துட்டேன்!" என்று கூவிவிட்டுப் போனான்.

என் மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வடை சுட்டாள், பையனுக்கு இரண்டு கொடுத்து அனுப்பினாள், எனக்கு இலையில் வைத்தாள். மறுநாள் காலை பல் துலக்கக் கிணற்றடிக்குப் போனபோது பார்த்தேன். டின்னைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். பிளாஸ்டிக்குக்குப் புளி எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. மூடியைத் திருகிப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. இற்றுப்போயிருந்த பழைய கயிற்றைக் காணோம். புதிய கயிறு ஒன்று, நல்ல நீளமாக, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.